புதுக் காரில் ரீமேப் போட்டால் வாரண்டி மொத்தமும் போய்விடுமா? (ஸ்டேஜ் 1, எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர்)

சேலம்_கார்த்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) எடுத்தேன், டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏற்காடு ஏறும்போதும் கோவை ரோட்டில் லாரிகளைத் தாண்டும்போதும் இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை வந்துவிட்டது.

கோவையில் ஒரு ட்யூனரிடம் பேசினேன். ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றுவது) போட்டால் 150 பிஎஸ் பவர் 185க்குப் பக்கத்தில் வரும், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) 300ஐத் தொடும் என்கிறார். "சர்வீஸுக்கு விடறதுக்கு முன்னாடி நாள் வாங்க, பழைய ஃபைலை ஏத்திக் குடுத்துடறேன், ஷோரூம்ல ஒருத்தருக்கும் தெரியாது" என்றும் சொன்னார்.

சர்வீஸ் சென்டரில் பொதுவாகக் கேட்பது போல் கேட்டுப் பார்த்தேன். அட்வைஸர் "ஏர் ஃபில்டரை மாத்தினாலே மொத்த வாரண்டியும் கேன்சல் சார்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இருவரில் யார் சொல்வது சரி? எதைத் தொட்டால் எது போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_பூஸ்ட் எழுதியது:

ப்ரோ, தாராளமாகப் போடுங்கள். என்னுடைய டர்போ பெட்ரோல் வண்டியில் ரீமேப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஷோரூமில்தான் விடுகிறேன். இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல ட்யூனர், நல்ல பெட்ரோல், நேரத்துக்கு ஆயில் மாற்றுவது, இந்த மூன்றும் சரியாக இருந்தால் பயமே வேண்டாம். வாரண்டி பயத்தைக் காட்டித்தான் எல்லோரையும் அடக்கி வைக்கிறார்கள்.

பணிமனை_பாலு எழுதியது:

தம்பி கார்த்தி, நான் ஒரு டீலர் பணிமனையில் வாரண்டி கிளெய்ம் அனுப்பும் வேலையில் பல வருஷம் இருந்தவன். இப்போது சொந்த கேரேஜ். உங்களிடம் பேசிய இருவரும் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அட்வைஸர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த வாரண்டி புத்தகத்தை எடுத்து, எவையெல்லாம் வாரண்டியில் சேராது என்று சொல்லும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பொதுவாக அங்கே மாற்றம் செய்ததால் வந்த கோளாறு, பந்தயத்தில் ஓட்டியதால் வந்த கோளாறு, சர்வீஸைத் தவறவிட்டதால் வந்த கோளாறு என்று இருக்கும். "ஆல் வந்த" என்பதுதான் அதில் முக்கியம். சில புத்தகங்களில் மாற்றம் செய்தாலே வாரண்டி செல்லாது என்று மொத்தமாகவும் எழுதியிருப்பார்கள். உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் இங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது.

அட்வைஸர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அதற்கான பணத்தை டீலர் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். போட்டோ, ஸ்கேனர் ரிப்போர்ட், கழற்றிய பழைய பாகம் எல்லாம் போகும். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இல்லை பிறகு தணிக்கையில் பிடித்துவிட்டால், அந்தப் பணம் டீலர் தலையில் விழும். அதனால் கண்ணுக்குத் தெரிந்த எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் முதலிலேயே கையை உயர்த்திவிடுவார்கள். அது அவருடைய பாதுகாப்புக்காகச் சொல்வது. கம்பெனியின் முடிவு அதுவேதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ட்யூனர் சொன்ன "தெரியாது". இது ஆபத்தான பேச்சு. சாதாரண ஆயில் சர்வீஸில் யாரும் பார்க்கமாட்டார்கள், ஓசூர் நண்பர் சொல்வது அந்த அளவில் நிஜம். ஆனால் டர்போவோ பிஸ்டனோ கியர்பாக்ஸோ போய், லட்சக்கணக்கில் கிளெய்ம் என்றால் கதை வேறு. கம்பெனியின் சொந்த டெஸ்டரை மாட்டி, இன்டர்நெட் வழியாக அவர்கள் சர்வரோடு இணைத்துத்தான் பார்ப்பார்கள். இசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) எந்த சாஃப்ட்வேர் இருக்கிறது, அதன் சரிபார்ப்பு எண் கம்பெனி பட்டியலோடு ஒத்துப்போகிறதா, எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது, எல்லாம் திரையில் வரும். கம்பெனியின் பதிவில் ஒரு அப்டேட்டும் இல்லாத வண்டியில் இரண்டு மூன்று முறை எழுதிய தடம் இருந்தால் அங்கேயே முடிந்தது. இந்த எண்ணிக்கையையும் திருத்தித் தருவோம் என்று சொல்லும் ட்யூனர்கள் இருக்கிறார்கள். எல்லா இசியூவிலும் அது நடக்காது.

அப்படியே பழைய ஃபைலை ஏற்றிவிட்டாலும் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் லைட் எரிந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, பூஸ்ட் அழுத்தம் (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) எவ்வளவு என்று இசியூ ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பெனி ட்யூனில் வரவே வராத பூஸ்ட் அதில் பதிவாகியிருந்தால் நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம், வண்டியே சொல்லிவிடும். சரி, லைட் எரிந்ததற்கான எரர் கோடு பதிவை அழித்துவிட்டுக் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், அதை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் இசியூ கணக்கு வைத்திருக்கும். டோ வண்டியில் வந்த காரில் அந்தக் கணக்கு 4 கிலோமீட்டர் என்று காட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஓசூர்_பூஸ்ட் எழுதியது:

பாலு அண்ணா, இசியூவைத் தொடாமல் ட்யூனிங் பாக்ஸ் போட்டால்? சென்சார் கனெக்டரில் சொருகுவது. கழற்றிவிட்டால் தடயமே இருக்காதே.

பணிமனை_பாலு எழுதியது:

அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பூஸ்ட் சென்சார் சொல்லும் அளவைக் குறைத்து இசியூவிடம் பொய் சொல்கிறது. அழுத்தம் போதவில்லை என்று நம்பி இசியூ டர்போவை இன்னும் தள்ளச் சொல்கிறது. சாஃப்ட்வேரில் தடயம் இருக்காது, உண்மை. ஆனால் தனக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்துக்கும் எரிபொருள் தேவைக்கும் பொருந்தாமல் ஃப்யூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோல் அளவைத் திருத்தும் கணக்கு) நகர்ந்து நிற்கும். அனுபவப்பட்ட கம்பெனி எஞ்சினியர் அதைப் பார்த்ததும் சென்சார் கனெக்டரைத்தான் கழற்றிப் பார்ப்பார்.

தடயம் கிடக்கட்டும், எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. இசியூவுக்கே உண்மை தெரியாமல் எஞ்சினை ஓட்டுவது. எஞ்சினைக் காப்பாற்றும் எல்லாக் கணக்கும் அந்த சென்சாரை நம்பித்தான் நடக்கிறது. நல்ல ரீமேப்பில் குறைந்தபட்சம் இசியூவுக்கு நடப்பது தெரியும்.

ட்ராக்டே_தீபா எழுதியது:

கார்த்தி, எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் வண்டியில் நான் பயப்படுவது கியர்பாக்ஸுக்கு.

1.5 டிஎஸ்ஐயோடு வருவது 7 கியர், உலர்ந்த (ட்ரை) கிளட்ச் டிஎஸ்ஜி, டிக்யூ200 என்பார்கள். அந்தப் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு வடிவமைத்தது. உங்கள் எஞ்சின் கம்பெனியில் இருந்து வரும்போதே சரியாக 250 தருகிறது. மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் மேல் 50 ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை, அதுவும் எண்ணெயில் குளிராத கிளட்ச்சில். அதே காரில் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் எடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே எஞ்சின் தருவது 178தான், கியர்பாக்ஸும் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை.

இன்னொரு விஷயம். எஞ்சின் தான் எவ்வளவு டார்க் தருகிறேன் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் கிளட்ச்சை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று கியர்பாக்ஸ் முடிவு செய்கிறது. சில ட்யூன்களில் லிமிட் இடிக்காமல் இருப்பதற்காக இந்தக் கணக்கைக் குறைத்துக் காட்டும்படி செய்துவிடுகிறார்கள். அப்போது கிளட்ச் நழுவும், சூடாகும், ஏற்காடு மாதிரி மலை ரோட்டில் இன்னும் சீக்கிரம். உங்கள் ட்யூனரிடம் போய்க் கேளுங்கள்: டார்க் கணக்கை உள்ளபடி கியர்பாக்ஸுக்கு அனுப்புகிறீர்களா, கியர்பாக்ஸ் ட்யூன் தனியாக உண்டா, முதல் மூன்று கியரில் டார்க்கைக் கட்டுப்படுத்துவீர்களா? தடுமாறினால் அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கிளட்ச் போனால் பில் லட்சத்தைத் தாண்டலாம். வாரண்டியை நம்பி இருக்க வேண்டிய முதல் பாகம் அதுதான். ரீமேப்போடு நேரடியாகத் தொடர்புபடுத்த எளிதான பாகமும் அதுவே. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதுதான் உங்கள் வண்டியின் சிக்கல்.

சேலம்_கார்த்தி எழுதியது:

தீபா மேடம், இந்தக் கோணத்தை ட்யூனர் சொல்லவே இல்லை. மிக்க நன்றி. அடுத்த வாரம் அவரிடம் கேட்கிறேன்.

சட்டப்படி யாருக்கு என்ன பொறுப்பு என்று யாராவது சொல்ல முடியுமா? ரீமேப்பால்தான் போனது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டுமா, ரீமேப்பால் போகவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டுமா?

மிச்சிகன்_முருகன் எழுதியது:

நான் இருப்பது அமெரிக்காவில், கார் உதிரிபாகத் துறையில் வேலை. இங்கே இதற்கு 1975லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம். எங்கள் பிராண்டு பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைக்கக் கூடாது என்கிறது. வெளிப் பாகத்தால் கோளாறு வந்தது என்று மறுக்க வேண்டுமானால் அதைக் காட்ட வேண்டியது கம்பெனி. 2022இல் ஹார்லி-டேவிட்சன் மீது மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, வெளிப் பாகம் போட்டாலும் வாரண்டி செல்லாமல் போகாது என்ற வாக்கியத்தை வாரண்டியிலேயே எழுத வைத்தது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ரீமேப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று இங்கேயும் பலர் நம்பி ஏமாறுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஆடி டீலர்களிடம் (உங்கள் ஸ்கோடாவும் அதே குழுமம்தான்) டிடி1 என்று ஒரு குறியீடு உண்டு. டெஸ்டர் மாட்டும்போது இசியூ சாஃப்ட்வேர் கம்பெனியுடையது இல்லை என்று தெரிந்தால் வண்டியின் எண்ணுக்கு எதிரே அந்தக் குறி விழுந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பான கிளெய்ம் எந்த டீலரிடம் போனாலும் கஷ்டம். பவர் விண்டோவுக்கும் ஏசிக்கும் பாதிப்பு இல்லை. டர்போ போனால் பூஸ்ட் ஏற்றியதுதான் காரணம் என்று அவர்கள் எளிதாகச் சொல்வார்கள், இல்லை என்று கோர்ட்டில் மோதும் செலவு உங்களுடையது. சட்டம் பக்கத்தில் இருந்தாலும் வண்டி மாதக்கணக்கில் டீலர் கொட்டகையில் நிற்கும்.

இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி காருக்குப் பவர் கூட்டும் மவுன்ட்யூன் கிட் வந்தது, டீலரே மாட்டித் தந்தால் கம்பெனி வாரண்டி அப்படியே தொடர்ந்தது.

மதுரை_வக்கீல் எழுதியது:

கார்த்தி, முருகன் சொன்ன அமெரிக்கச் சட்டம் மாதிரி வாரண்டிக்கென்றே தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. யூடியூபில் சில பேர் அதை இந்தியச் சட்டம் போலவே பேசுகிறார்கள், நம்பாதீர்கள். நமக்கு வாரண்டி என்பது ஒப்பந்தம், அதன் மேல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019.

இருந்தாலும் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது வழக்கு. அந்த உத்தரவில் வாரண்டி பற்றியும் பேசியிருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதமோ அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் சாரம். அபராதத் தொகை மேல்முறையீட்டில் போனது வேறு கதை. அது ரிப்பேர் பற்றிய உத்தரவு, ரீமேப் பற்றியது இல்லை என்று எதிர்த் தரப்பு வாதாடும், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் "சேதத்தின் அளவுக்கு மட்டும்" என்ற அந்தத் தர்க்கத்தை நுகர்வோர் ஆணையத்தில் எடுத்து வைக்கலாம். நான் வைப்பேன்.

நிரூபிக்கும் பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். புகார் கொடுப்பவர் குறை இருக்கிறது என்று காட்ட வேண்டும். விலக்கு விதியைக் காட்டி மறுக்கும் கம்பெனி, அந்த விதி இந்தக் கோளாறுக்குப் பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். நடைமுறையில் நிபுணர் அறிக்கைதான் வழக்கை முடிவு செய்யும். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் மறுத்த உடனே கோபத்தில் எஞ்சினைப் பிரித்து வெளியில் ரிப்பேர் செய்துவிடாதீர்கள். ஆதாரமே போய்விடும்.

மற்றபடி, வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சேலத்தில் இருந்து கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டணம் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் வாரண்டி விதியே நியாயமற்ற ஒப்பந்தம் என்று கேட்பதாக இருந்தால் மாவட்டத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை மறைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் சொன்னதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவில் இருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை, இரண்டும் கூடச் சேரலாம். வாரண்டி வழக்கில் நீங்கள் போய் நிற்கும்போது கம்பெனி வக்கீல் முதலில் தூக்கிப் போடும் தாள் இதுவாகத்தான் இருக்கும்.

நெல்லை_ஜெபா எழுதியது:

வக்கீல் சார் சொன்னதோடு என் அனுபவம் ஒன்று. என்னுடைய காரில் கேட்-பேக் எக்ஸாஸ்ட் போட்டிருந்தேன். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தொடவில்லை, அதற்குப் பின்னால் உள்ள பைப்பும் மஃப்ளரும் மட்டும். வாரண்டிக்குள்ளேயே ஏசி கம்ப்ரஸர் சத்தம் போட ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் எக்ஸாஸ்டைப் பார்த்துவிட்டு "வாரண்டி இல்லை, 30 ஆயிரத்துக்கு மேல் ஆகும்" என்றார்கள்.

நான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: எக்ஸாஸ்டால் கம்ப்ரஸர் எப்படிக் கெட்டது என்பதை ஜாப் கார்டில் எழுதி, எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்றும் குறிப்பிட்டு, சீல் வைத்துக் கொடுங்கள். யாரும் எழுத முன்வரவில்லை. மேனேஜர் வந்தார், கம்பெனியின் ஏரியா ஆளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நானும் அதையே ஈமெயிலில் கம்பெனி வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பி, ஏசி கேஸ் அழுத்த அளவையும் கம்ப்ரஸர் சத்தத்தின் வீடியோவையும் இணைத்தேன். கொஞ்ச நாளில் வாரண்டியிலேயே மாற்றித் தந்தார்கள்.

வாயால் மறுப்பது சுலபம், காகிதத்தில் மறுப்பது கஷ்டம். யாராக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

ட்ராக்டே_தீபா எழுதியது:

ஜெபா அண்ணன் சொன்னது அருமை. ஏசிக்கும் எக்ஸாஸ்டுக்கும் தொடர்பு இல்லை என்பதால்தான் அவர் ஜெயித்தார். அதே எக்ஸாஸ்ட் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் போயிருந்தால் இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் நீங்கள் செய்த மாற்றம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பந்தயத் தடத்தில் (ட்ராக்) ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவை செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ட்ராக் டே போனால், வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் இருந்தாலும் போட்டி உபயோகம் என்ற விலக்கில் மாட்டலாம். போட்டோவை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டு அடுத்த மாதம் கிளட்ச் கிளெய்ம் கேட்கப் போனவர்களை நான் அறிவேன். புத்தகத்தில் அந்த வரியையும் தேடிப் படியுங்கள்.

சேலம்_கார்த்தி எழுதியது:

பாலு அண்ணா, ரீமேப்பைத் தள்ளி வைத்தால், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், டவுன்பைப் இவற்றின் நிலைமை?

பணிமனை_பாலு எழுதியது:

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஏர் பாக்ஸுக்குள் கம்பெனி அளவிலேயே உட்காரும் பேனல் ஃபில்டர் போட்டால் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஆயில் தடவிய காட்டன் ஃபில்டரைக் கழுவிவிட்டு ஆயிலை அள்ளி ஊற்றி மாட்டுகிறார்கள். ஏர் மாஸ் சென்சார் உள்ள வண்டிகளில் அந்த ஆயில் போய் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்துவிடும். அந்த சென்சாருக்கு வாரண்டி கேட்டால் மறுப்பார்கள், அது நியாயமான மறுப்புதான். பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கோன் ஃபில்டர் நம் ஊர் வெயிலில் சூடான காற்றைத்தான் இழுக்கும். சத்தம் நன்றாக இருக்கும், வேறு லாபம் இல்லை. தூசி டர்போவுக்குள் போனால் டர்போ வாரண்டியும் அதோடு போகும்.

கேட்-பேக் எக்ஸாஸ்ட் பற்றி ஜெபா சொல்லிவிட்டார். சத்த அளவுக்குப் போலீஸ் பிடிப்பது தனிப் பிரச்சினை.

டர்போவில் இருந்து புகையை வெளியேற்றும் டவுன்பைப்பைத் தொட வேண்டாம் தம்பி. அதை மாற்றினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுப்பார்கள், இல்லை லேசானதைப் போடுவார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தது, 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்துவிட்டது. இப்போதைய வண்டிகள் தங்கள் புகையைத் தாங்களே கண்காணிக்கின்றன. கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் எஞ்சின் லைட் எரியும். அது எரியாமல் இருக்க சாஃப்ட்வேரில் அந்தச் சோதனையையே அணைத்து வைப்பார்கள். அப்படி ஒரு வண்டி வாரண்டிக்கு வந்தால் நானே கிளெய்ம் அனுப்பமாட்டேன். வாரண்டியை விடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்.

ரீமேப் பற்றி விட்டுப்போன ஒன்று, பெட்ரோல். பல ட்யூனர்கள் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலை நம்பித்தான் மேப் எழுதுகிறார்கள். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் விற்கிறது, ஆனால் எல்லா பங்கிலும் கிடைக்காது. ராத்திரி நேரத்தில் ஹைவேயில் சாதாரண பெட்ரோல்தான் கிடைத்தது என்றால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரும், இசியூ ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும். எப்போதும் சமாளித்துவிடும் என்று சொல்ல முடியாது. சின்ன டர்போ எஞ்சினில் மேல் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் கிடந்துகொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ரீமேப்பில் கீழ் ஆர்பிஎம் டார்க்கைக் கூட்டும்போது அது இன்னும் கூடும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போவது அப்படித்தான். உடைந்த பிஸ்டனைக் கம்பெனி எஞ்சினியர் கையில் எடுத்துப் பார்த்ததும் அடுத்து இசியூவைத்தான் திறப்பார்.

கோவை_ராம் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது ஒரு ஆதங்கம். வாரண்டியோடு வேகமான காரை விற்க முடியும் என்று நம் ஊரிலேயே செய்து காட்டினார்கள். 2018இல் டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி கொண்டுவந்தார்கள். 1.2 டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், இறுக்கமான சஸ்பென்ஷன், எல்லாம் ஷோரூமிலேயே, கம்பெனி வாரண்டியோடு. விலையும் நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடியது. பிஎஸ்6 வந்த 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதிரி கார்கள் தொடர்ந்து வந்திருந்தால் இத்தனை பேர் வாரண்டியைப் பணயம் வைத்து ட்யூனர் வாசலில் நிற்க வேண்டியிருக்காது. முருகன் சொன்ன ஃபோர்டு கிட் மாதிரி இங்கே எந்தக் கம்பெனியாவது டீலரில் மாட்டித் தரும் ட்யூன் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

ஓசூர்_பூஸ்ட் எழுதியது:

பாலு அண்ணா, தீபா மேடம், நீங்கள் சொன்ன டெக்னிக்கல் விஷயங்களில் எனக்கு மறுப்பு இல்லை. என் வண்டி மேனுவல் கியர், அதனால் கியர்பாக்ஸ் கதை எனக்கு வேறு. ஆனால் ரீமேப் போடுவதே தவறு என்ற தொனியை ஏற்க மாட்டேன். எஞ்சின் போனால் என் காசு என்று தெரிந்துதான் போட்டேன், அதற்குத் தனியாகப் பணமும் எடுத்து வைத்திருக்கிறேன். அப்படித் தெரிந்து செய்பவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. லோன் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய பில் வந்தால் திணறும் நிலையில் இருப்பவர் போடக் கூடாது என்றால் அதில் நானும் உங்கள் பக்கம்தான்.

பணிமனை_பாலு எழுதியது:

அதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். மறைக்கலாம் என்று நம்பிப் போடாதீர்கள், தாங்க முடியும் என்று தெரிந்து போடுங்கள். ஆனால் முன்பு சொன்ன சட்டப் பக்கம் அப்போதும் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். விபத்து கிளெய்மில் அவர்கள் தனியாகத் தோண்டுவார்கள், அதற்கும் வாரண்டிக்கும் சம்பந்தமே கிடையாது.

சேலம்_கார்த்தி எழுதியது:

ட்யூனரிடம் பேசினேன். தீபா மேடம் சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டேன். கியர்பாக்ஸ் ட்யூன் தனியாகச் செய்வதில்லை, "அது தானா அட்ஜஸ்ட் ஆகிக்கும்" என்றார். டார்க் கணக்கைப் பற்றிக் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. வாரண்டி புத்தகத்தையும் படித்தேன். எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்பில் செய்யும் மாற்றத்தால் வரும் சேதம் சேராது என்று தெளிவாகவே இருக்கிறது.

வாரண்டி முடியும்வரை ரீமேப் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இப்போதைக்கு நல்ல டயரும் கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல பிரேக் பேடும் போடப் போகிறேன். எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். வக்கீல் சார், அதில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ட்ராக்டே_தீபா எழுதியது:

டயர் நல்ல முடிவு. அளவையும் லோடு இன்டெக்ஸையும் ஸ்பீடு ரேட்டிங்கையும் கம்பெனி ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையாமல் பாருங்கள். வளைவுகளில் நீங்கள் தேடிய வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

மதுரை_வக்கீல் எழுதியது:

எக்ஸ்டெண்டட் வாரண்டி தனி ஒப்பந்தம் கார்த்தி. பல நேரம் அதைத் தருவது கார் கம்பெனி இல்லை, பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனம் இருக்கும். அதனால் முதல் வாரண்டியில் உள்ள விலக்குகளும் இதில் உள்ள விலக்குகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் இதில் கடுமையாகவே இருக்கும். பணம் கட்டும் முன்பு முழு விதிகள் அடங்கிய தாளைக் கேளுங்கள், ஒரு பக்க விளம்பரத் தாள் போதாது. டிஎஸ்ஜி கிளட்ச்சும் மெக்கட்ரானிக்ஸும் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் பகுதி) பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச்சைத் தேய்மானப் பாகம் என்று வெளியே வைத்திருந்தால், நீங்கள் எதற்காக இதை எடுக்கிறீர்களோ அதுவே உள்ளே இல்லை என்று அர்த்தம்.

விற்பவர் வாயால் சொல்லும் உறுதி எதையும் ஈமெயிலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும், ஆயில் கிரேடு எழுதியிருக்கும் பில் உட்பட, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். டயர், பிரேக் பேடு பில்லையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.